லத்தீனில் கேட்ட லீவு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில், மலாய் நாட்டின் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் நடந்தது இது. அப்போது நான் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆபீஸ் முடிந்ததும் அக்கம்பக்கத்தாருக்கு இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுப்பேன். எவ்வளவு புரியவில்லையோ அவ்வளவு நல்ல மனு என்பது எங்கள் குடியிருப்பின் தீர்ப்பு. அதனால் மனுவுக்கு ஒரு லத்தீன் சொல்லாவது தாளித்துவிடுவேன்.

ஒருநாள், தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் வந்தார். கிள்ளானில் தாய்வீட்டிலிருந்த மனைவிக்குத் தலைப்பிரசவம்.

"கிராணியாரே, பத்து நாள் லீவு உடனே கெடைக்கணும். கொஞ்சம் பலமா எழுதுங்க."

பலமாகவே எழுதினேன். 'சைனி டையி' லீவு தருமாறு பிரார்த்தித்தேன். கோர்ட்டுச் செய்திகளில் பார்த்த சொல். 'ஒரு நாளும் தாமதியாமல்' என்று பொருளாக இருக்கும் என நானே முடிவுகட்டியிருந்தேன். பக்கத்தில் 'பத்து நாள்' என்பது சாதாரணமாகத் தெரிந்ததால் அதை எடுத்துவிட்டேன்.

இரண்டே நாளில் ரயில்வேயின் வெள்ளைக்காரத் துரையிடமிருந்து பதில் வந்தது. கேட்டபடி லீவு வழங்கப்படுகிறது. திங்கட்கிழமை வேறு ஆள் வருவார். விளக்கு, கொடி, வீட்டுச் சாவியை ஒப்படைக்கவும்.

"லீவுக்கு எதுக்குங்க வீட்டுச் சாவி?"

"புது ரூலா இருக்கும்."

"திரும்பி வந்தா எங்க படுக்கிறது?"

எனக்கும் புரியவில்லை. ஆனால் 'தெரியாது' என்று சொல்லும் பழக்கம் அந்நாளில் எனக்கில்லை.

மறுநாள் காலை மனு நகலுடன் மாதா கோயில் சாமியாரிடம் போனேன். லத்தீனிலேயே பூசை வைப்பவர். மனுவைப் படித்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நாள் குறிக்காமல் என்று அர்த்தம். அடுத்த வாய்தா சொல்லாமல் வழக்கை ஒத்திவைக்கும்போது கோர்ட்டில் சொல்வார்கள். நீர் அவனுக்கு முடிவே இல்லாத லீவு கேட்டிருக்கிறீர். வேறு ஆள் போடாமல் என்ன செய்வார்கள்?"

துரையின் ஆபீசுக்கு ஓடினேன். வழியெல்லாம் மன்னிப்பை இங்கிலீஷில் தயாரித்தேன். அதிலும் ஒரு லத்தீன் வந்து தொலைத்தது.

ஆபீஸ் படியில் பாயிண்ட்ஸ்மேன் இறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் விளக்கும் கொடியும் அப்படியே இருந்தன.

"ஒப்படைக்கத்தான் வந்தேன் கிராணியாரே. ஏன் வேலைய விடுறேன்னு துரை மலாய்ல கேட்டாரு. 'துவான், பினி மாவ் பெரானாக், மிந்தா பாலிக் சப்புலோ ஹாரி'ன்னேன். பொண்டாட்டிக்குப் பிரசவம், பத்து நாள் வீட்டுக்குப் போவணும்னு. அவ்வளவுதான். காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு, போயிட்டு வான்னுட்டாரு."

"தப்பு என்னுது," என்றேன்.

"சேச்சே! மனு நல்லாத்தான் இருந்துச்சு. துரைக்குத்தான் அவ்வளவு படிப்புப் பத்தல."

மறுத்துச் சொல்ல வாயெடுப்பதற்குள், கிள்ளான் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிவிட்டார்.

ஒரு மனிதரின் வேலையையும் வீட்டையும் பேனாவால் பிடுங்கிவிட்டு அவரிடமே பாராட்டும் வாங்கியவன் நான். அதற்குச் சிரிப்பதா, தலைகுனிவதா என்பதில் எனக்கு இன்றுவரை குழப்பம்தான்.