மெல்லும் சத்தம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. எனக்கே நடந்தது.

நான் துணை விமானி. அன்று என்னோடு பறந்த கேப்டனிடம் இரண்டு விஷயங்கள் எனக்குக் குமட்டும். எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருக்கும் வாய். வலது சுண்டுவிரலில் அவர் ஆசையாக வளர்த்த மஞ்சள் நகம். அதைக் கொண்டு காது குடைவார். அதே நகத்தால் எங்கள் இருவருக்கும் நடுவில் என் பக்கமாக இருக்கும் இன்ஜின் விசைப்பிடியைத் தட்டுவார். டக்... டக்... ஒரு மனிதரை இவ்வளவு அருவருக்க முடியுமா என்று என்னையே கேட்டுக்கொண்டதுண்டு. முடிந்தது.

பத்தாயிரம் அடிக்குக் கீழே இறங்கிவிட்டால் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு கூடாது. அது எங்கள் சட்டம். பின்னால் நூற்று நாற்பது பேர் இருந்தார்கள்.

ஒன்பதாயிரம் அடியில் அது ஆரம்பித்தது.

சளப்... சளப்...

ஹெட்போனில், காதுக்குள்ளேயே. ஈரமாக எதையோ மெல்லும் சத்தம். என் வாய் கசந்தது. அருவருப்பு என்றே நினைத்தேன்.

ஐயாயிரம் அடி. இப்போது கடினமான எதையோ கடிக்கும் சத்தம். நறுக்.

பின்னால் திரும்பினேன். சுவரோரம் நான் மடித்து வைத்த மூன்றாவது இருக்கை விரிந்திருந்தது. யாருமில்லை.

இரண்டாயிரம் அடி. பொறுக்க முடியவில்லை. சட்டத்தை மீறினேன்.

"சார், தயவுசெஞ்சு அதைத் துப்பிடுங்க."

"எதை?"

"வாயில இருக்கறதை."

"ஏம்மா, என் வாயில ஒண்ணுமில்லையே. நீதான் மெல்லுறேன்னு நான் வாயை மூடிட்டு இருக்கேன்."

"நானா? காலையிலேர்ந்து பச்சைத்தண்ணி குடிக்கல சார்."

"இந்தா, நல்லா பாத்துக்கோ."

என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். வெறும் நாக்கு. காவிப் பற்கள்.

நாங்கள் பேசும்போது மட்டும் சத்தம் நின்றிருந்தது. அது அப்போது உறைக்கவில்லை.

"இப்ப நீ காட்டு."

திறக்கப் போனேன்...

திறக்க வரவில்லை.

அலறியது எச்சரிக்கை ஒலி. ஐந்நூறு அடி. ஓடுபாதை கண்ணெதிரே. சக்கரங்களை நாங்கள் இறக்கவே இல்லை. இறக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. எனக்கும் நினைவு வரவில்லை. இரண்டு பேரும் ஒரு வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மேல ஏத்துறேன்!" என்று கத்தினார் கேப்டன்.

ஏறினோம். சுற்றி வந்தோம். இரண்டாம் முறை ஒழுங்காக இறங்கினோம். சத்தம் அதற்குப் பிறகு வரவில்லை.

இன்ஜினை அணைத்ததும் கேப்டன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடடா, என் நகம் எங்க? ஏறும்போது இருந்துச்சே."

தரையெல்லாம் தேடினார். நான் உதவவில்லை. நிம்மதியாகக்கூட இருந்தது.

நான்கு நாள் கழித்து விசாரணை. எங்களை எதிரெதிரே உட்கார வைத்து, விமானத்தின் ஒலிப்பதிவைப் போட்டார்கள். ஒவ்வொருவர் மைக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். மூன்றாவது இருக்கையின் மைக்கில் அமைதி. கேப்டனுடையதில் பேச்சும் மூச்சும் மட்டும்.

என்னுடையதில்...

சளப்... சளப்... நறுக்.

"மேடம், இது உங்க மைக்," என்றார் அதிகாரி, கொஞ்சம் முகத்தைச் சுளித்து. "கடைசியில ஒண்ணு இருக்கு, கேளுங்க."

கேப்டன் "மேல ஏத்துறேன்" என்கிறார். அதற்கு அடுத்த நொடி என் மைக்கில் தெளிவாகக் கேட்டது, ஒருவர் எதையோ விழுங்கும் சத்தம்.

கேப்டன் என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த வலது கையை மெதுவாக எடுத்து, மடியில் மறைத்துக்கொண்டார்.