என் டாங்கியை மறித்த மரங்கள்

மலேசியாவில் யோங் பெங் பக்கம் இன்று எண்ணெய்ச் செம்பனை நிற்கும் இடங்களில் முன்பு ரப்பர் மரங்கள் நின்றன. அவற்றைத் தள்ளிச் சாய்த்தவர்களில் நானும் ஒருவன். அதில் கெட்டிக்காரன் யார் என்று கேட்டால் நான்தான் என்பேன். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. புல்டோசர் துடைக்கப் போனவன் அதை ஓட்டினேன். பிறகு சொந்தமாக வாங்கி, அதை ஓட்ட ஆள் வைத்தேன். ஜொகூர் பாருவை ஒட்டி, தெப்ராவில் இருக்கும் இந்த மாடி வீடு மரம் தள்ளிக் கட்டிய வீடு.

அப்படிப்பட்ட என்னை ஒரு கணினி விளையாட்டில் மரம் மறித்தால் கோபம் வராதா?

சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மருமகன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து டாங்கி விளையாட்டு ஆடுவார். எடை, வேகம், சறுக்கல் எல்லாம் நிஜ டாங்கி போலவே இருக்கும். "நீங்க ஓட்டுங்க மாமா, நான் சுடுறேன்" என்று எனக்கும் ஓர் இடம் கொடுத்தார்.

அதில் சின்ன மரம் முறிந்து விழும்; விழும்போதே நாம் இருக்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக் கொடுத்துவிடும். பருத்த மரத்தில் முட்டினால் வண்டி அப்படியே நின்றுவிடும். மரங்களுக்கு நடுவே சிக்கினால் பீரங்கிக் குழாயைத் திருப்பவும் வழியில்லை. அதெல்லாம் நியாயம்தான். ஆனால் நான் முட்டிய மரங்கள் என் கண்ணில் படவே இல்லை. மேலே இலை தெரியும். கீழே வெறும் நிழல். திடீரென்று வண்டி நிற்கும், எதிரி சுடுவான், எரிந்துபோவோம்.

"அலமாக்! எதிரி அந்தப் பக்கம் லா மாமா. மரத்தோட உங்களுக்கு என்ன பகை?"

"இதைச் செஞ்சவன் மாயமரம் நட்டு வெச்சிருக்கான் மாப்ள."

பின்னால் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "மாயமரமா? அந்தா, தூணாட்டம் நிக்குதே! உங்களுக்குத் தெரியலையாங்க?"

"உனக்கென்ன தெரியும், கீரையைப் பாரு" என்றேன்.

எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். மரம் தள்ளுகிறவன் அடிமரத்தைப் பார்க்கமாட்டான், உச்சியைத்தான் பார்ப்பான். காய்ந்த கிளை தலையில் விழுந்தால் ஆளே காலி. அந்தப் பழக்கத்தில்தான் அடிமரத்தை விட்டுவிடுகிறேன் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே அடியையே பார்த்து ஓட்டினேன். அப்போதும் தெரியவில்லை. அம்மாவின் நினைவுதான் வந்தது. அவளுக்குக் கடைசிக் காலத்தில் இரண்டு கண்ணும் போய்விட்டன. குளிக்கப் போக வேண்டுமென்றாலும் யாராவது கை கொடுக்க வேண்டும். பிறர் கையைப் பார்த்துப் பிழைத்துப் பழகாதவன் நான்.

கண்ணில் ஒன்றுமில்லை என்று சாதித்தேன். மனைவி விடவில்லை. மகளிடம் சொல்லி ஜொகூர் பாருவில் கண் டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டாள். மருமகன் லீவு போட்டு வந்து நின்றார்.

"சாவியைக் குடுங்க மாமா."

என் காரில் நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது அன்றுதான்.

டாக்டர் நம் ஆள், சின்ன வயதுப் பெண். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, வெகுநேரம் பார்த்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"கண்ணு போயிடுமாம்மா?"

"போகாது அங்கிள். ரெண்டு கண்ணுலயும் புரை. எடுத்துட்டு லென்ஸ் வெச்சா போதும். உள்ள நரம்பு நல்லா இருக்கு. இப்ப வெளிச்சத்துல இருக்குறது தெரியும், நிழல்ல இருக்குறது பிரிஞ்சு தெரியாது. அவ்ளோதான்."

வெளியே உட்கார்ந்திருந்த மனைவியிடம் "புரைதானாம்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "எதுக்குங்க கண்ணுல தண்ணி?" என்றாள். மருந்து விட்டால் தண்ணீர் வரும் என்று சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

ஒரு கண், பிறகு மறு கண். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு வந்த ஞாயிறு மறுபடி உட்கார்ந்தேன். காடு திரையில் விரிந்தது. இத்தனை அடிமரங்களா! ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒரு பக்கம் கறுத்து, ஒரு பக்கம் பாசி பிடித்து நின்றது. நேராகப் பெரிய மரம் ஒன்றை நோக்கி விட்டேன்.

"மாமா, மரம்! மரம்!"

"தெரியுது மாப்ள."

வண்டி முட்டி நின்றது. "தெரிஞ்சுமா முட்டுனீங்க?" என்று மருமகன் தலையில் அடித்துக்கொண்டார். எதிரி சுட்டான். டாங்கி எரிந்தது. நான் அந்த மரப்பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெடிப்பு வெடிப்பாக, அவ்வளவு தெளிவாக இருந்தது.