முதலைக்கு முன்னால் மூச்சைப் பிடித்தவர்கள்

போன சனிக்கிழமை வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் மட்டன் ரோல்ஸுக்காகக் காத்திருந்தோம் — நானும் என் மனுசனும். பக்கத்து மேசையில் சித்ரா. கெல்லிவில்லில் இருக்கும் பல் டொக்டர், கோயம்புத்தூர்க்காரி, எங்களுக்கு நல்ல பழக்கம். கனடாவின் வடக்குக் காடுகளில் கரடி பார்த்துவிட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்தாள்.

போனை நீட்டினாள். கரடி. கரடியின் முதுகு. கரடி மீன் பிடிக்கிறது. கரடி மீனைத் தவற விடுகிறது... விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. ரோல்ஸ் வந்தது, சாப்பிட்டும் முடித்தோம். கரடி முடியவில்லை.

நன்றாகத்தான் எடுத்திருந்தாள், பொய் சொல்லக் கூடாது. இதில் உனக்கு எது பிடித்தது என்று கேட்டேன். யோசித்தாள். இன்னும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கவில்லை என்றாள்.

பிறகு மரியாதைக்குக் கேட்டாள். "நீங்க இந்த மாதிரி பெரிய மிருகம் எதையாவது காட்டுல நேர்ல பாத்திருக்கீங்களா ஆன்ட்டி?"

நான் வாயைத் திறக்கும் முன் என் மனுசன் முந்திக்கொண்டார். "அன்ரி ஒரு முதலையைப் படம் எடுத்தவ. ஒரே ஒரு படம். அதிலை நானும் இருக்கிறன் பிள்ளை... கண்ணுக்குத் தெரியமாட்டன்."

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு இந்த மனிதரைத் தெரியும். ஓய்வு பெற்ற என்ஜினியர். தூசி, பூ, சென்ட் வாசனை — எதுவானாலும் தும்மல். அன்று எனக்குக் கதை சொல்ல இடம் விடவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. அப்போது நாங்கள் மெல்பேர்னில் இருந்தோம். தமிழ்ச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் நாங்களே வாயைத் திறக்க வேண்டிய காலம். எனக்கு ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. காலை முதல் மாலை வரை நான் பேசிய ஆங்கிலம் அநேகமாக இவ்வளவுதான் — மூச்சை உள்ளே இழுங்கள், அப்படியே பிடியுங்கள், அசையாதீர்கள். படம் எடுத்த பிறகு, இனி மூச்சு விடலாம்.

நாளெல்லாம் எலும்பைப் படம் பிடித்தவளுக்கு, எலும்பு இல்லாத எதையாவது படம் பிடிக்க ஆசை வந்தது. பழைய கமெரா ஒன்று வாங்கி, பக்கத்துச் சேர்ச் மண்டபத்தில் கூடும் கமெரா கிளப்பில் போய்ச் சேர்ந்தேன். அங்கே அத்தனை பேரும் ஆண்கள், அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள்.

தலைவர் பெயர் ஆல்ஃப். கெட்ட மனிதர் இல்லை. கதவைத் திறந்து பிடிப்பார், கதிரை இழுத்துப் போடுவார். ஆனால் நான் லென்ஸைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், துணைக்கு வந்து பக்கத்தில் இருக்கும் என் மனுசனைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். என் மனுசனுக்கோ கமெராவில் எது முன்பக்கம் என்பதிலேயே சந்தேகம்.

கிளப்பில் ஒரு விதி இருந்தது. ஆண்டுக் கண்காட்சிக்கு ஒரு படமாவது தேர்வானால்தான் முழு உறுப்பினர். அதுவரை விருந்தாளி. எத்தனையோ படம் கொடுத்தும் நான் விருந்தாளியாகவே இருந்தேன். விருந்தாளி என்றார்களே தவிர, இடைவேளைக்குத் தேநீர் போட்டது யார் என்று நினைக்கிறீர்கள்?

இந்த முறையும் தேர்வாகாவிட்டால் விலகிவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அந்த ஜூலையில்தான் கிளப் வடக்கே புறப்பட்டது, முதலை பார்க்க.

நாட்டின் வட கோடி. சேற்றுக்கு மேல் வேர்களை ஊன்றிக்கொண்டு நிற்கும் கண்டல் காடு. அதற்குள் வளைந்து வளைந்து போகும் ஆறு. முதலை வேட்டையைத் தடை செய்து அதிக காலம் ஆகவில்லை. தோலுக்காகச் சுட்டதில் தப்பியவை கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்கும் படகுச் சத்தம் நன்றாகத் தெரியும், கேட்டவுடன் தண்ணீருக்குள் போய்விடும். போய்ச் சேர்ந்த நாள் முதல் கொக்குகளைத்தான் கண்டோம். ஆல்ஃப் கொக்குகளையே கோபமாகப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

கடைசி நாள் காலை. என் மனுசனின் காற்சட்டையைப் போட்டு, பெல்ட்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நான் படகின் நடுவில். அவர் பின்னால், சம்பல் சான்ட்விச் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு. முன்னால் நல்ல இடமெல்லாம் நீண்ட லென்ஸ்காரர்களுக்கு.

ஒரு வளைவில் படகோட்டி சட்டென்று என்ஜினை நிறுத்தினார். படகு தானாக மிதந்து போய் நின்றது.

சேற்றுக் கரையில் கிடந்தது. எங்கள் படகைவிடக் கொஞ்சம்தான் நீளம் குறைவு. வாயை அகலத் திறந்து வைத்திருந்தது. உள்ளே வெளிர் மஞ்சள். கண் மட்டும் எங்களைப் பார்த்தது. எனக்குப் பயமாக இருந்தது, அழகாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

முன்னால் படபடவென்று கிளிக் சத்தம். ஆளுக்கு ஆள் எட்டிப் பார்க்க, படகு ஆடியது. மரங்களுக்குக் கீழே வெளிச்சம் போதாது. திரையில் போட்டுக் காட்டுகிற ஸ்லைட் ஃபிலிம் வெளிச்சத்தை நிறையக் கேட்கும். கமெராவின் கண்ணைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வைத்தால்தான் படம் விழும். அந்த நேரத்தில் படகு ஆடினால் முதலை கஞ்சியாகிவிடும். எக்ஸ்ரேயிலும் இதே கதைதான். நோயாளி அசைந்தால் எலும்பு கலங்கிப் போகும்.

அப்போது பின்னாலிருந்து மெல்லிய குரல். "இஞ்சரும்... தும்மல் வருது." நுளம்பு கடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயின் வாசனை!

யோசித்துச் செய்ததில்லை. வாயில் இருந்ததுதான் வந்தது. ஆஸ்பத்திரிக் குரலில், ஆங்கிலத்தில், அமைதியாகச் சொன்னேன். "மூச்சை உள்ளே இழுங்கள். அப்படியே பிடியுங்கள். அசையாதீர்கள்."

நம்புவீர்களா? அத்தனை பேரும் இழுத்துப் பிடித்தார்கள். ஆல்ஃபின் விரல் கமெராவின் மேல் அப்படியே நின்றது. படகோட்டியும் பிடித்தார். என் மனுசன் மூக்கைப் பொத்திக்கொண்டு பிடித்தார். படகு நின்றது, தண்ணீர் நின்றது. நான் ஒரு முறை அழுத்தினேன்.

பிறகு முதலையையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் ஏதோ முனகல் கேட்டுத் திரும்பினால் — யாரும் இன்னும் மூச்சு விடவில்லை. கடைசி வசனத்துக்காகக் காத்திருக்கிறார்கள். என் மனுசனின் முகம் கத்தரிக்காய் நிறம்.

இனி மூச்சு விடலாம் என்றேன். படகே பெருமூச்சு விட்டது. முதலை வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போனது.

அந்த நாட்களில் இங்கே வந்த எங்களில் பலர் எந்த அறைக்குள் போனாலும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்போம். பிழையாக ஏதும் பேசிவிடுவோமோ, சாப்பாட்டு வாசனை உடுப்பில் இருக்கிறதோ... அன்றைக்குத்தான் முதன்முதலாக நான் சொல்லி மற்றவர்கள் அடக்கினார்கள். அந்த நினைப்பு எனக்கு இன்றைக்கும் இனிக்கிறது. ஏன் மறைக்க வேண்டும்?

ஸ்லைட் கழுவி வர வாரங்கள் ஆயின. வேலைக்கு எடுத்துப்போய், எக்ஸ்ரே பார்க்கிற வெளிச்சப் பெட்டியில் வைத்தேன். ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. எங்கள் பெரிய டொக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, இந்த நோயாளிக்கு எந்தக் குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேர்வு நாள். திரையில் பெயர் இல்லாமல்தான் படங்களைப் போடுவார்கள். வெளியூரிலிருந்து வந்த நடுவர் முதலைப் படத்தில் வெகுநேரம் நின்றார். தேர்வு என்றார். இவ்வளவு தெளிவாக எடுக்க கமெராவைத் தாங்க நல்ல முக்காலி வைத்திருந்திருக்க வேண்டும், எடுத்த மனிதர் அது எந்த முக்காலி என்று சொல்வாரா என்று கேட்டார்.

நான் எழுந்திருப்பதற்குள் ஆல்ஃப் எழுந்தார். அவருடைய முதலை எல்லாம் கஞ்சி, ஒன்றும் தேர்வாகவில்லை.

"முக்காலி நாங்கள்தான்," என்றார். "எங்களை நேராக நிறுத்தியவர் இவர்."

சொல்லும்போது என் மனுசனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அன்று இடைவேளைக்குத் தேநீர் போட்டதும் ஆல்ஃப்தான். பால் கூடிவிட்டது. நான் முழுவதும் குடித்தேன்.

சனிக்கிழமை ரோல்ஸ் கடையிலிருந்து சித்ரா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். படத்தைப் பார்த்தே ஆக வேண்டுமாம். பெரிதாகப் போட்டு ஹோலில் மாட்டியிருக்கிறேன். அதன் முன்னால் போய் நின்றாள். போனை எடுக்கவில்லை. தேநீருடன் குசினியிலிருந்து வந்த நான் பக்கத்தில் போய் அவள் முகத்தைப் பார்த்தேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த முறை பிடிக்கச் சொன்னது நான் இல்லை.

"இனி மூச்சு விடலாம் பிள்ளை," என்றேன்.