நடு முறியின் குரல்

இங்கே அறைக்குப் பெயர் முறி. வீடு பார்க்க வந்த அன்று தரகர், "மூணு முறி உண்டு" என்றார். மூன்று இடத்தில் ஒடிந்த வீடு எனக்கெதற்கு என்று திரும்பி நடந்தவனை அவர்தான் இழுத்துப்போய் அறைகளைக் காட்டினார். கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து ஏழு மாதமாகிறது. அந்தச் சொல் காதில் விழும்போது இன்றும் ஏதோ ஒடிகிற சத்தம்தான் எனக்கு.

என் மனைவி பாத்திமாவுக்குச் சர்க்கரை நோயில் பார்வை போய்விட்டது. கடையநல்லூர் வீட்டில் வாசல்படியும் கிணற்றடியும் அவள் காலுக்கே தெரியும். இங்கே முட்டி முட்டி நெற்றிக் காயம் ஆறவே இல்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இப்போது மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறேன். ஆனால் ஊரில் சவுண்ட் சர்வீஸ் கடையில் பழகிய கை. செல்போனில் வீடியோ பார்த்து, சீட்டுக்கட்டு அளவுள்ள குட்டிக் கணினிகள் மூன்று வாங்கினேன். பிஸ்மி சொல்லி, அறைக்கு ஒன்றாக ஸ்பீக்கரோடு மாட்டி, வைஃபையில் கோத்தேன். முதலில் ஒரே குர்ஆன் ஓதல் மூன்று அறையிலும் முன்னும் பின்னுமாக வந்தது. நாலு நாள் மல்லுக்கட்டி, மூன்றையும் ஒரே மூச்சில் ஓத வைத்தேன். பகலெல்லாம் அவளுக்கு மலையாள ரேடியோ. அதன் நடுவே, நிமிடத்துக்கொரு தடவை, ஒவ்வொரு பெட்டியும் தன் அறையை என் குரலில் சொல்லும்: "பாத்து, இது அடுப்படி." "பாத்து, இது நடு அறை, இடப்பக்கம் கட்டில்." அவள் சுவரைத் தொடாமல் நடந்த அன்று அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ர் செய்து அழுதேன்.

பக்கத்து வீட்டு ஷாஜிக்கு வல்லார்பாடம் துறைமுகத்தில் இரவு வேலை, பகலில்தான் தூக்கம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைச் சுவர். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்ததும் பின்னாலேயே வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணாச்சி, நிங்ஙளுடெ சம்சாரம் காரணம் எனிக்கு உறக்கமில்லா. கண்ணடச்சால் ஆ சம்சாரம் மாத்ரம்!"

எங்கள் ஊரில் ஒருவன் சம்சாரத்தைப் பற்றி இன்னொருவன் இப்படிச் சொன்னால் பதில் அரிவாள்தான். என் மாமா அதற்காகச் சிறைக்குப் போனவர். சற்றுமுன் துஆவுக்கு ஏந்திய கை அவன் வாயில் இறங்கியது.

"எந்தினாடா அடிச்சது?" என்று அலறி ஸ்டூலை எடுத்தான். என் தோளில் பட்டு அது பெட்டியில் மோதியது. "பாத்து, இது நடு—" என்றதோடு குரல் நின்றது. குட்டிக் கணினி இரண்டாக ஒடிந்து தொங்கியது. அவன் கழுத்தைச் சுவரோடு அழுத்தினேன். முட்டியால் என் வயிற்றில் இடித்தான். என் வெள்ளைச் சட்டையெல்லாம் அவன் ரத்தம். விட்டிருந்தால் கொன்றிருப்பேன், அல்லாஹ் அறிவான்.

அடுப்படியிலிருந்து ஓடிவந்த பாத்திமா, வழி சொல்லக் குரல் இல்லாமல், ஸ்டூலில் தடுக்கி முகம்குப்புற விழுந்தாள். விழுந்தபடியே கத்தினாள்: "விடுங்க! இங்க சம்சாரம்னா பேச்சு! ரேடியோவுல நாள் முழுக்கச் சொல்றான். உங்க பேச்சு தூங்க விடலன்னு சொல்றாரு மனுசன்!"

அவன் கழுத்தை விட்டேன். ஷாஜி உள்ளங்கையில் துப்பினான். முன்பல். தரையைத் தடவிக்கொண்டிருந்தவளைப் பார்த்தான். "சேச்சிக்கு கண்ணு காணில்லே?" என்று மட்டும் கேட்டான்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பகலில் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தேன். புதுக் கணினி வந்ததும் குரல் பதிய உட்கார்ந்தபோது பாத்திமா தடுத்தாள்.

"நடு அறைக்கு உங்க குரல் வேண்டாங்க. அங்க அது கேட்டா எனக்குப் பல்லு உடையுற சத்தம்தான் கேக்கும்."

"பின்ன யார் குரல்?"

"அடி வாங்குனவரைக் கூப்பிடுங்க."

வந்தான். ஷாஜி வாசலிலேயே நின்று, "அண்ணாச்சி, ஞான் சம்சாரிக்கட்டே? அடிக்கில்லல்லோ?" என்றான். பாத்திமா சிரித்தாள். என்னால் முடியவில்லை.

இப்போது முன்னறையும் அடுப்படியும் என் தமிழில் பேசுகின்றன. நடுவில் மட்டும், "சேச்சி, இது நடு முறி." நான் உடைத்த பல்லின் இடைவெளியில் காற்று புகுந்து, அந்தச் 'சேச்சி' ஒவ்வொரு தடவையும் சீழ்க்கையாக வருகிறது. அந்தக் குரலை நம்பிக் கைநீட்டி அவள் கட்டிலைப் பிடித்துவிடுகிறாள். ஐந்து வேளையும் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு, தொழும் பாய்க்கு நான் அந்த அறையைக் கடந்துதான் போகிறேன்.