புழு வாளி

அவர் டீச்சர் அல்ல. பள்ளி ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக உதவியாளர். குடுவைகளைக் கழுவி, அமிலத்தை அளந்து வைத்து, மாணவர்கள் உடைத்ததைக் கூட்டி அள்ளுகிறவர். ஆனாலும் தெருவில் 'மீன் டீச்சர்' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் சிலர் கூடையோடு வந்து, "கிலோ எவ்வளவுங்க?" என்று கேட்டதுண்டு. "பாக்குறதுக்கு மட்டும்தாங்க, கிலோ கணக்கெல்லாம் இல்ல" என்று கணவர் அனுப்பி வைப்பார்.

பின்னறையில் பதினான்கு கண்ணாடித் தொட்டிகள். ஏஞ்சல் மீன்களை ஜோடி சேர்த்து, குஞ்சு எடுத்து, காசளவு வளர்ந்ததும் கடைக்குக் கொடுப்பார். யாரும் கற்றுத்தரவில்லை. கெட்டுக் கெட்டுத்தான் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வலை. ஒரு தொட்டியில் நனைந்த கையைக் கழுவாமல் அடுத்ததில் விடமாட்டார்.

முட்டையிட வேண்டிய ஜோடிக்குக் கொசுப்புழுவைப்போல் தீனி இல்லை. பத்து நாள் கொடுத்தால் பெண் மீனின் வயிறு தளதளவென்று வரும். மற்றவர்கள் சாக்கடையோரம் போய்ப் புழுவை வடிகட்டிக் கொண்டுவருவார்கள். அதோடு நோயும் வரும் என்பது டீச்சரின் பயம். அதனால் வீட்டின் பின்புறம் ஒரு நீல வாளியில் குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் வைத்திருந்து, நாலு காய்ந்த இலை போட்டு, மூடாமல் விடுவார். கொசு தானே வந்து முட்டையிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை புழுவை ஒட்ட வடித்துவிடுவார். ஒன்றுகூடக் கொசுவாகிப் பறந்ததில்லை. அந்த வாளியை வேறு யாரும் தொடக்கூடாது.

மழைக்காலத்தின் தொடக்கத்தில் தங்கைக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை. மூன்று நாள் துணையிருக்க என்று டீச்சர் போனார். தையல் பிரிந்து, சீழ் பிடித்து, ஒன்பது நாளாயிற்று. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது வாளி நினைவுக்கு வந்தது. போன் கையில்தான் இருந்தது. கவிழ்த்துவிடுங்கள் என்று கணவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. கறுப்பு ஏஞ்சல் ஜோடி ஒன்று முட்டையிடத் தொட்டிச் செடியின் இலையைச் சுத்தம் செய்யத் தொடங்கியிருந்தது. அந்தப் புழு அதற்கென்று வைத்தது. குளிர் நாள், புழு மெதுவாகத்தான் வளரும், இன்னும் நாலு நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டார்.

திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்புறம் போனார். தண்ணீர் தெளிவாக இருந்தது. மேலே உமி தூவினாற்போல் மெலிந்த வெற்றுக் கூடுகள். வேறு யார் பார்த்தாலும் தூசி என்பார்கள். ஒவ்வொரு கூட்டிலிருந்தும் ஒரு கொசு எழுந்து போயிருக்கிறது. வாளியை மண்ணில் கவிழ்த்தார். கணவரிடம் எதுவும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து, அடுத்த வீட்டுத் தையல்காரர் காய்ச்சலில் விழுந்தார். டீச்சரின் வலைகளை எல்லாம் அவர்தான் தைத்துக் கொடுப்பார். டெங்கு என்றார்கள். ஐந்தாம் நாள் ஈறில் ரத்தம் கசிந்து, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

மறுநாள் சுகாதாரப் பணியாளர் ஒரு பெண் டார்ச் லைட்டோடு வீடு வீடாக வந்தாள். பதினான்கு தொட்டியையும் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மீன் இருக்கிற தண்ணியில புழு எங்கக்கா தப்பிக்கும்? எல்லா வீடும் இப்படி இருந்தா எனக்கு வேலையே இருக்காது."

வீட்டுச் சோதனை அட்டையில் 'புழு இல்லை' என்று எழ்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வாசலைத் தாண்டினாள்.

"கொஞ்சம் நில்லும்மா" என்றார் டீச்சர். வாளியைப் பற்றிச் சொன்னார்.

"சாக்கடைத் தண்ணியா, நல்ல தண்ணியா?"

"நல்ல தண்ணி. ரொம்ப சுத்தமான தண்ணி."

அந்தப் பெண்ணின் சிரிப்பு போய்விட்டது. "சாக்கடையில வர்றது வேற கொசுக்கா. டெங்குக் கொசு நல்ல தண்ணியிலதான் வரும்."

டீச்சர் பின்பக்கக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க கொசுதான்னு யாராலயும் சொல்ல முடியாதுக்கா. இந்தத் தெருவுலயே நாலு வீட்டு மாடியில தண்ணித் தொட்டி மூடாம கிடக்கு."

"என்னுது இல்லன்னு சொல்ல முடியுமா?"

அவள் அட்டையைத் திரும்ப வாங்கி எழுதியதைத் திருத்தினாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொன்னது சரி" என்றார் கணவர், அன்றிரவு எல்லாவற்றையும் கேட்டபின். "தையல்காரர் பொண்டாட்டிகிட்ட எதுக்குச் சொல்லணும்? அவ இருக்கிற இருப்புல இது வேறயா?"

"அவ என் தோள்ல சாஞ்சு அழறா. நான் தட்டிக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். என்னால முடியல."

ஆஸ்பத்திரியில் தையல்காரர் மனைவி முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அஞ்சாம் நாளே ஞாபகம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"கையில போன் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன்க்கா?"

"மீனோட தீனி வீணாயிடுமேன்னு."

அவள் எழுந்து போய், வராந்தாவின் மறுகோடியில் உட்கார்ந்துகொண்டாள்.

தையல்காரர் பிழைத்தார். வீடு திரும்பிய இரண்டாம் நாள் சுவரைப் பிடித்தபடி வாசல்வரை வந்தார். "டீச்சர், உங்க வீட்டுப் பிள்ளை ஒண்ணு என்னைக் கடிச்சிடுச்சாமே. வளர்ப்பு சரியில்ல!" என்றார். பின்னால் நின்ற மனைவி சிரிக்கவில்லை. டீச்சரும் சிரிக்கவில்லை.

கொசுப்புழு வளர்ப்பது அத்தோடு நின்றது. கடையில் வாங்கும் உலர் தீனிதான். அந்த வருடம் கறுப்பு ஜோடி இரண்டு முறைதான் முட்டையிட்டது.

தையல்காரர் மனைவி டீச்சரிடம் பேசுவதில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். போன் வெளிச்சத்தில் தொட்டிகள், அவற்றின் பின்பக்கம், குளியலறை வாளி, பூந்தொட்டித் தட்டு என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். அப்படியே திரும்பிப் போனாள். அடுத்த ஞாயிறும் வந்தாள்.

"நம்ம வீட்டுல இவ யாரு சோதனை போட?" என்று கணவர் எகிறினார்.

"பாக்கட்டும்" என்றார் டீச்சர்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் எழுந்ததும் முதல் வேலையாக வாசல் தாழ்ப்பாளை நீக்கிவைக்கிறார். பிறகு பதினான்கு தொட்டிகளின் மூடியையும் எடுத்து ஓரமாக அடுக்குகிறார். மூடி ஒவ்வொன்றும் கனம். அவள் தூக்க வேண்டியிருக்கக் கூடாது.