நான் வெட்டி எறிந்த மூன்று விநாடி

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் இல்லை. முட்டாள்தனத்தைச் செய்துவிட்டு, அதற்குக் கீழே 'புரோகிராமைச் சுத்தம் செய்தேன்' என்று பெருமையாகக் குறிப்பும் எழுதிவைக்கிற ரகம்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் நாவலூரில் ஒரு கம்பெனியில் மாரடிக்கிறவன். சனி, ஞாயிறுகளில் செங்கல்பட்டு வீட்டு மாடி அறையில் சம்பளமில்லாத இன்னொரு வேலை. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்தே போட்டிருக்கிற ஒரு சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம். பழைய கம்ப்யூட்டர்களில் ஓடுவது. அதில் என் பொறுப்பு, பூட் லோடர்.

பூட் லோடர் என்றால்? பட்டனை அமுக்கியதும் கம்ப்யூட்டரில் முதலில் கண் விழிக்கிற துக்கடா புரோகிராம். அது போய் ஹார்டு டிஸ்க்கைத் தட்டி எழுப்பி, ஆபரேட்டிங் சிஸ்டத்தை உள்ளே இழுத்து விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கல்யாண மண்டபத்துச் சாவியை வைத்திருக்கிற ஆள் மாதிரி. மண்டபம் திறந்த பிறகு அவரை யாரும் தேட மாட்டார்கள். அவர் வரவில்லை என்றால்… மாப்பிள்ளை, பெண், நாதஸ்வரம் எல்லாம் தெருவில்.

இரண்டு மாதமாக அந்த லோடரை 'ரீஃபேக்டர்' செய்துகொண்டிருந்தேன். அதாவது, அது செய்கிற வேலை மாறக்கூடாது. உள்ளே இருக்கிற குப்பையை மட்டும் ஒழுங்கு பண்ண வேண்டும். வருஷக்கணக்கில் பலபேர் கைபட்ட சமாச்சாரம். குப்பைக்கா பஞ்சம்? அப்போதுதான் கண்ணில் பட்டது ஒரு வரி. 'மூன்று விநாடி சும்மா இரு' என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவு. பக்கத்திலேயே, எனக்கு முன்னால் இதைப் பார்த்துக்கொண்டவர் எழுதிய குறிப்பு: 'இதை எடுக்காதே.' அவ்வளவுதான். ஏன், எதற்கு, மூச்சில்லை.

சும்மா இருப்பதற்கு ஒரு உத்தரவா? அதை நான் ஆபீஸில் உத்தரவே இல்லாமல் செய்கிறேனே.

தூக்கிவிட்டேன். என் லேப்டாப்பில் ஓட்டினேன், ஓடியது. கம்ப்யூட்டருக்குள்ளேயே பொய்க் கம்ப்யூட்டர் ஒன்றை உருவாக்கி அதில் சோதித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். அதிலும் ஓடியது. நிஜமான பழைய மெஷின் ஒன்றில் போட்டுப் பார்த்தேனா? அதற்கு மாடியிலிருந்து இறங்க வேண்டுமே. 'இனி மூன்று விநாடி வேகம்' என்று அறிவித்து வெளியிட்டேன். முன்பின் தெரியாத பதினோரு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அன்று இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

போன புதன்கிழமை, காலை ஏழரை மணி. பல் துலக்கிக்கொண்டே மெயில் பார்த்தேன். மூன்று புகார். மூன்றும் வேறு வேறு நாட்டிலிருந்து. மூன்றிலும் ஒரே பல்லவி: 'கரண்ட் போய் வந்தது. மெஷின் எழவில்லை. கறுப்புத் திரை.'

மூன்று பேரிடமும் இருந்தது ஒரே ரகப் பழைய மதர்போர்டு, ஒரே ரகப் பழைய ஹார்டு டிஸ்க். வாயில் பேஸ்ட் நுரையோடு யோசித்தேன். விஷயம் புரிந்தபோது நுரையை விழுங்கியிருந்தேன்.

அந்த டிஸ்க், கரண்ட் வந்ததும் சுற்ற ஆரம்பித்து வேகம் பிடிக்க மூன்று விநாடி ஆகும். அதற்குள் போய்த் தட்டினால் போர்டு கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். ரீசெட் பட்டனுக்கெல்லாம் மசியாது. கரண்டை முழுசாகப் பிடுங்கி மறுபடி கொடுக்க வேண்டும். கொடுத்தால்? என் லோடர் மறுபடி அவசரப்பட்டுத் தட்டும். மறுபடி கோபம்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கிற மெஷினுக்கு எதுவுமே ஆகாது. அப்டேட் ஏறும், ரீஸ்டார்ட் ஆகும், டிஸ்க் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பதால் ஒழுங்காக எழும், சமத்தாக வேலை பார்க்கும்… அடுத்த தடவை கரண்ட் போகிற வரைக்கும்.

இதே போர்டு, இதே டிஸ்க். நான் எங்கே பார்த்திருக்கிறேன்?

பார்த்தது மட்டுமா. நானே என் கையால் பொருத்தினேன். அமலியின் இறால் குஞ்சுப் பண்ணையில்.

அமலி, செங்கல்பட்டுக் காலேஜில் என்னோடு படித்தவள். அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அம்மா இன்னமும் நடுகிறார். அமலி விலங்கியல் படித்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலோரப் பண்ணைகளில் பதினாறு வருஷம் டெக்னீஷியனாக இருந்து, இந்த வருஷம்தான் ஒரு பண்ணையைத் தன் பேரிலேயே குத்தகைக்கு எடுத்திருக்கிறாள். இது முதல் பேட்ச். எட்டுத் தொட்டி. கொசு சைசில் லட்சக்கணக்கான குஞ்சுகள். வியாழக்கிழமை வண்டியில் ஏற வேண்டும்.

அந்தக் குஞ்சுகளுக்குத் தண்ணீருக்குள் விடாமல் காற்று ஊத வேண்டும். ஊதுவதற்கு மூன்று ப்ளோயர். கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாகவே எழும். ஆனால் மூன்று ப்ளோயரும் ஒரேயடியாகக் கிளம்பினால் ஜெனரேட்டர் படுத்துவிடும். அதனால் ஒவ்வொன்றாகக் கிளப்பிவிட ஒரு கம்ப்யூட்டர். 'காசே வேணாம், நான் பாத்துக்கறேன்' என்று அதை வைத்துக் கொடுத்தது யார்? நான். கையால் போடுகிற பழைய ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்து 'இனிமே இது எதுக்கு' என்று கழற்றச் சொன்னது? நான். வெளியிலிருந்து யாருமே உள்ளே நுழைய முடியாதபடி கம்ப்யூட்டரை அடைத்து வைத்தது? வேறு யார். அதில் ஓடுவதும் எங்கள் சிஸ்டம்தான்; அப்டேட் மட்டும் ஞாயிறு தவறாமல் தானாக இறங்கும், இந்த ஞாயிறும் இறங்கியிருக்கும். 'யூபிஎஸ் பேட்டரி உப்புக்காத்துல பூட்ச்சுபா' என்று அமலி இரண்டு தடவை சொல்லியிருந்தாள். 'மாத்திடலாம்' என்று நானும் இரண்டு தடவை சொல்லியிருந்தேன்.

காற்று நின்றால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எப்போதோ கேட்டிருக்கிறேன். "அரை மணி. அதுக்கப்பறம் அல்லாத்தையும் வடிகட்டி வெளிய கொட்ட வேண்டிதுதான்" என்றாள்.

சரி… கரண்ட் போனால்தானே? இன்றைக்கே போகும் என்று யார் சொன்னது?

பேப்பர் சொன்னது. உள்ளூர்ப் பக்கத்தில், 'இன்றைய மின்தடை'. மாதாந்திரப் பராமரிப்புப் பணி. காலை ஒன்பது மணி முதல். அமலியின் ஊர் மூன்றாவது பெயராக இருந்தது.

அவர்கள் செய்வதும் பராமரிப்பு, நான் செய்வதும் பராமரிப்பு. ஒரே வித்தியாசம், அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்துகிறார்கள்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள். தொட்டிகள் இருக்கிற கூடத்துக்குள் செல்போன் போகக்கூடாது. செருப்பைக் கழற்றுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். ஏழு தடவை அடித்தேன். டப்பா கேட்டிருக்கும். பண்ணையில் வேறு யார் நம்பரும் என்னிடம் இல்லை.

பழைய லோடரைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். மணி ஏழு ஐம்பது. "பனியன திருப்பிப் போட்டிருக்கீங்க" என்று மனைவி பின்னால் சொன்னது கேட்டது. அதுவா இப்போது முக்கியம்?

திருக்கழுக்குன்றம் வரைக்கும் ரோடு விட்டுக்கொடுத்தது. அதற்கப்புறம் முன்னால் கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ். ஒன்று இல்லை, வரிசையாக. ஜன்னலோரத்தில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போனார்கள். அணு உலைக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்; மூன்று விநாடியை எடுத்தவன் ஹெல்மெட்டுக்குள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு போகிறான். பயம் என்றால் நெஞ்சு படபடக்கும் என்பார்கள். எனக்கு முழங்கை நடுங்கியது. முழங்கைக்குக் கூடப் பயம் தெரியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பிக் கொஞ்ச தூரத்தில், ஒரு கம்பத்தில் ஏணி சாய்த்துவிட்டு நின்றிருந்தார் லைன்மேன். வண்டியை ஓரம் கட்டி, "அண்ணே, கரண்ட் எடுத்துட்டாங்களா?" என்றேன்.

"ஒம்போதுக்குதான் சார்." நிம்மதியாக வண்டியைக் கிளப்பும்போது சேர்த்துக்கொண்டார்: "சில நாளு முன்னாடியே எட்த்துருவாங்க."

பண்ணை வாசலுக்குப் போனபோது எட்டு நாற்பத்தாறு. வாட்ச்மேன் ஏகாம்பரம் கேட்டைத் திறக்கவில்லை.

"இன்னா சார், காலங்காத்தால?"

"அவசரம்ணே. உள்ள போகணும்."

"ரெண்டு மூணு நாள்ல வேற எந்தப் பண்ணைக்காச்சும் போனியா?"

"இல்லண்ணே."

"இறாலு துன்னியா?"

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் ஒரு ஃபுல் பிளேட் இறால் பிரியாணி. "இல்ல" என்றேன். அன்றைய முதல் பொய்.

"கைய சோப்பு போட்டுக் கய்வு. அந்த மருந்துத் தண்ணில கால வெச்சிகினு ஒரு நிமிசம் நில்லு. நோவு கீவு உள்ள வந்துரும்."

ஊதா நிறத் தண்ணீர். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். கண் வாட்ச்சை விட்டு நகரவில்லை.

"அரை நிமிஷம் போதாதாண்ணே? அது என்ன கணக்கு, ஒரு நிமிஷம்?"

"அதெல்லாம் எனுக்குத் தெர்யாது சார். நிக்கச் சொல்லிகீறாங்க. அல்லாரும் நிக்கிறாங்க. நீயும் நில்லு."

நின்றேன். காரணம் தெரியாத ஒரு நிமிஷத்தை வாழ்க்கையில் முதல் தடவையாக முழுசாக நின்று முடித்தேன்.

உள்ளே அமலி ஒரு கண்ணாடிக் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாபா, ஒரு போன் கூடப் பண்ணாம?"

"ஏழு தடவ பண்ணேன்."

"டப்பால கீது. இன்னா ஆச்சு, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

"ஒண்ணுமில்ல. கம்ப்யூட்டர்ல சின்னதா ஒரு செக்." இரண்டாவது பொய்.

மணி எட்டு ஐம்பத்திரண்டு. லோடர் குடியிருப்பது போர்டில் இருக்கிற ஒரு சின்ன சிப்பில். அதில் புதுசை அழித்துப் பழசை எழுத ஒன்றரை நிமிஷம். அந்த ஒன்றரை நிமிஷத்துக்குள் கரண்ட் போனால்? பாதி அழிந்த சிப். அப்புறம் அந்தப் போர்டைப் பேப்பர் வெயிட்டாக வைத்துக்கொள்ளலாம். எழுதாமல் விட்டால் ஒன்பது மணிக்குச் சாவு நிச்சயம். எழுதும்போது போனால் இப்போதே சாவு. 'சில நாளு முன்னாடியே எட்த்துருவாங்க…'

ஒரே ஒரு பட்டன்தான் பாக்கி. விரல் அதற்கு மேலே நின்றது, இறங்க மறுத்தது. மிகைப்படுத்தவில்லை, நிஜமாகவே இறங்கவில்லை.

பின்னாலிருந்து அமலி, குவளையைப் பார்த்தபடியே, "இந்த பேட்ச் மட்டும் நல்லபடியா வண்டி ஏறிட்டா போதும்பா. அம்மாவ இனிமே நடவுக்குப் போவாதனு சொல்லிடுவேன்" என்றாள்.

தட்டினேன்.

பத்து சதவீதம். இருபது. முப்பது… முப்பதிலேயே நின்றது. தொட்டிகளில் காற்று கொப்பளிக்கிற சத்தம், பெரிய வாணலியில் எண்ணெய் கொதிக்கிற மாதிரி. அது கேட்கிற வரைக்கும் கரண்ட் இருக்கிறது. திரையை விட்டுவிட்டுக் காதை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தேன். நாற்பது. எழுபது. தொண்ணூறு. நூறு. 'எழுதியது சரி.'

மூச்சை விட்டேன். விட்டு முடிக்கவில்லை, கரண்ட் போய்விட்டது. எட்டு ஐம்பத்தாறு.

எட்டுத் தொட்டியும் ஒரே நேரத்தில் வாயை மூடின. தண்ணீர் அசையாமல் நின்றது. அதுவரைக்கும் காதிலேயே விழாத கடல் சத்தம் திடீரென்று பக்கத்தில் கேட்டது. அமலி குவளையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

ஜெனரேட்டர் இருமியது. மறுபடி இருமியது. பிடித்தது. விளக்கு வந்தது. கம்ப்யூட்டர் திரை மட்டும் கறுப்பு.

ஒன்று.

எழுதினது பழைய லோடர்தானா? பென் டிரைவில் ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு ஃபைல் இருந்ததே.

இரண்டு.

"இன்னாபா, வர்லியே" என்றாள் அமலி.

மூன்று.

திரையில் ஒரு வெள்ளை எழுத்து. பிறகு ஒரு வரி. பிறகு மளமளவென்று வரிகள். முதல் ப்ளோயர் கிளம்பியது. கொஞ்சம் விட்டு இரண்டாவது. அப்புறம் மூன்றாவது. தொட்டிகள் மறுபடி பேச ஆரம்பித்தன.

நாஸ்தா அங்கேயேதான். இட்லியும் நெத்திலிக் குழம்பும். "கரண்ட் எடுக்கறாங்கனு பேப்பர்ல பாத்துட்டு, அவ்ளோ தூரத்துலேருந்து வந்து நின்ன பாரு" என்று அமலி சொல்ல, ஏகாம்பரம் மரியாதையாக என் தட்டில் இன்னும் இரண்டு இட்லி வைத்தார். தீ வைத்தவனுக்கே தீயணைப்பு மெடல்.

'அமலி, தப்பு என்னுது.' மூன்றே வார்த்தை. வாயில் இட்லி இருந்தது. அதையே சாக்காக வைத்து மென்றுகொண்டே இருந்தேன். கரண்ட் போய்விடுமே என்ற பயத்தில் ஓடவாவது முடிந்தது. இந்தப் பயத்தில் உட்கார்ந்து குழம்பு ஊற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

வீடு திரும்பி, அந்த மூன்று விநாடியை இருந்த இடத்திலேயே வைத்து வெளியிட்டேன். மூன்று நாட்டுக்காரர்களுக்கும் மன்னிப்பும், பிழைக்கிற வழியும் எழுதினேன். அந்த வரிக்குக் கீழே ஒன்பது வரியில் காரணம் எழுதினேன். எந்த போர்டு, எந்த டிஸ்க், எப்படிச் சாகும் என்று. எனக்கு முன்னால் இருந்தவரும் ஒரு நாள் இப்படி எங்கேயோ ஓடியிருப்பார். ஓடிவந்த களைப்பில் இரண்டே வார்த்தை எழுதிவிட்டுப் படுத்திருப்பார்.

ஒரு பொருள் எதற்கு இருக்கிறது என்று நமக்குத் தெரியவில்லை. உடனே அது வேண்டாதது என்று முடிவு கட்டிவிடுகிறோம். நமக்குத் தெரியவில்லை என்பதோடு விஷயம் முடிந்துவிட்டது, இல்லையா? அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பழைய ஸ்டார்ட்டர் பெட்டியைத் திரும்ப மாட்டச் சொன்னேன். யூபிஎஸ்ஸுக்குப் பேட்டரியும் வாங்கியாயிற்று.

வியாழக்கிழமை குஞ்சுகள் வண்டி ஏறின. மத்தியானம் அமலி போட்டோ அனுப்பினாள். லாரிக்கு முன்னால் அவளும், அம்மாவும். அதைப் பார்த்த பிறகு முடியவில்லை. உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் எழுதினேன். லோடர், டிஸ்க், நான் எடுத்த வரி, சொன்ன பொய்கள், பிரியாணி உட்பட. நாலு பத்தி. அனுப்பினேன். இரண்டு டிக் நீலமானது. 'டைப்பிங்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. இருபத்தைந்து வருஷச் சிநேகிதம் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பதில் வந்தது.

"நீ வந்த ஸ்பீட்லயே தெர்ஞ்சிடுச்சு."