ஸ்ரெல்லா அக்கா அந்தப் படத்தில் சிரிக்கவில்லை

ஸ்ரெல்லா அக்கா இறந்த செய்தி எங்கள் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. மேலே ஒரு மண்டப வாடகை விளம்பரம், கீழே யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து, நடுவில் அக்கா. 'இயற்கையை நேசித்த எங்கள் சகோதரி இறைவனடி சேர்ந்தார்' என்று எழுதி, மெழுகுதிரிக்குப் பக்கத்தில் அவருடைய படத்தையும் போட்டிருந்தார்கள். பச்சை மேலங்கி, திறந்த வாய். 'என்ன அழகான சிரிப்பு' என்று பலர் கீழே எழுதியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது சிரிப்பில்லை. அந்தப் படம் எடுத்தபோது நானும் அங்கே நின்றேன்.

அக்காவை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மன்னாரிலிருந்து வந்தவர். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் வேலை செய்தோம். வேலை முடிந்ததும் நாங்கள் வீட்டுக்கு ஓடுவோம். அவர் பஸ் பிடித்து மேற்கே உள்ள ஓடைப் பள்ளத்தாக்குக்குப் போவார். பாதுகாக்கப்பட்ட காடு அது. அங்கே தொண்டராகச் சேர்ந்திருந்தார். வருகிறவர்கள் பாதையை விட்டு இறங்காமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. பச்சை மேலங்கி அங்கே கொடுத்ததுதான்.

ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவரோடு அங்கே நடப்பது பூசையில் நிற்பது மாதிரி. செருமினாலே திரும்பி முறைப்பார். ஓடைக்குக் குறுக்கே பீவர்கள் கிளைகளையும் சேற்றையும் சேர்த்து அணை கட்டியிருந்தன. இந்த நாட்டு ஐந்து சத நாணயத்தில் இருக்கிற அதே பிராணி. நாணயம் எல்லோர் பையிலும் இருக்கிறது, பிராணியைத்தான் யாருக்கும் தெரியாது. அணைக்குப் பின்னால் பெரிய குட்டை. அதில் ஆமை, தவளை, கரையோரம் ஒரு நாரை. நான் வாத்துகளுக்கு என் பாணில் ஒரு துண்டு பிய்த்துப் போட்டேன்.

"அதுகளுக்கு நீர் சாப்பாடு கட்டத் தேவையில்லை, தம்பி. பேசாமல் நிண்டு பாரும்" என்றார்.

பிறகு நடந்ததைச் சங்க மலரில் நீங்கள் வாசித்திருப்பீர்கள். நடந்தது வேறு. "பாக்காத இடத்தில சனத்துக்குப் பாசம் வராது" என்று சொல்லி, அக்காதான் சங்கத்தை அங்கே எல்லோரும் கூடித் துப்புரவாக்கும் சிரமதானத்துக்கு அழைத்தார். அனுமதியையும் தன் பேரிலேயே எடுத்தார். போத்தலும் பிளாஸ்ரிக் பையும் மட்டும் பொறுக்குங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இலைகள் கொட்டிக் குளிர் இறங்கும் காலம். பிந்தி வந்தவர்களைக் கூட்டி வர அக்கா வாசலுக்குப் போனார். அந்த நேரம் போதுமாக இருந்தது.

சங்கத் தலைவர் அணையைப் பார்த்தார். "வாய்க்கால் அடைச்சுப்போய்க் கிடக்கு. தண்ணி தேங்கினால் நுளம்பெல்லே பெருகும்" என்றார். ஊரில் மழைக்கு முன் வாய்க்கால் துப்புரவாக்கிப் பழகிய மனிதர்கள், ஒருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

"அண்ணை, அது பீவர் கட்டினது. விடுங்கோ" என்றேன்.

"பீவருக்கு வேற வேலை இல்லையோ?" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கிளைகளை இழுத்தார்கள். தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தபோது கைதட்டினார்கள். அது கேட்டு அக்கா ஓடி வந்தார். "நிப்பாட்டுங்கோ! ஐயோ, நிப்பாட்டுங்கோ!" அந்த நேரம் பார்த்து ஒருவர் படம் எடுத்தார். அதன்பின் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டார்கள்.

காட்டுக் காப்பகத்தில் அவரைக் கூப்பிட்டு, மிகவும் மரியாதையாகப் பிரெஞ்சில் 'மெர்சி' என்று நன்றி சொல்லி மேலங்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். யார் செய்தது என்று கேட்டதற்கு அவர் ஒரு பெயரும் சொல்லவில்லை. மலரில் 'ஓடையை மீட்ட தமிழர்' என்று வந்தது. திருத்திப் போடச் சொல்லித் தலைவரிடம் போனார்.

"சின்ன விசயத்தை ஏன் அக்கா பெரிசாக்கிறியள்?"

"சின்ன விசயமெண்டால் அந்த ஆமையளிட்டப் போய்ச் சொல்லும்."

ஆமைகள் குளிர்காலத்தில் குட்டையின் அடிச் சேற்றில் போய்ப் படுத்துவிடும். மேலே தண்ணீர் நின்றால்தான் உறையாமல் தப்பும். பனி கரைந்ததும் நாங்கள் போய்ப் பார்த்தோம். காய்ந்த சேற்றில் ஓடுகள் கிடந்தன. அக்கா ஒன்றைக் கையில் எடுத்தார். போரின் கடைசி நாட்கள்வரை வன்னியில் நின்று தப்பி வந்தவர் அவர்.

"பாதுகாப்பு வலயம் எண்டு சொன்ன இடத்துக்கு நம்பிப் போய் நாங்கள் பட்டது காணாதே, தம்பி? இதுகளுக்கும் பாதுகாப்பு எண்டுதானே வாசலில போர்ட் போட்டிருக்கு. நாங்களே வந்து..." ஓட்டை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

அதன்பின் மேலங்கி இல்லாமல், வருகிறவர்களில் ஒருவராக அந்தப் பாதையில் நடந்தார். தேவாலயப் பூசையில் சமாதானம் பகிரும்போது தலைவர் கை நீட்டினால் மற்றப் பக்கம் பார்ப்பார். பிடிவாதக்காரி என்றார்கள். பிடிவாதம்தான். ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அதைக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

போன இலையுதிர் காலத்தில் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "வந்திட்டுதுகள், தம்பி. ஒரு சோடி. பழைய இடத்திலயே கட்டுதுகள். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்." அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் குரலில் நான் சந்தோசத்தைக் கேட்டது அன்றுதான். இப்போது அவர் சொல்லை மீறி நான் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

ஏனென்றால், வில்லரேயில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் அதே படத்துக்கு மாலை போட்டுவிட்டுத் தலைவர் அறிவித்தார்: அக்காவின் நினைவாக, இலை கொட்டும் காலத்தில், அதே ஓடையில் ஒரு பெரிய சிரமதானம். மண்டபம் கைதட்டியது. நான் எழுந்து "நிப்பாட்டுங்கோ" என்றேன். "செத்தவீட்டுக் கூட்டத்தில இப்பிடிக் கோவிக்கக் கூடாது, தம்பி" என்று தோளைப் பிடித்து இருத்திவிட்டார்கள்.

அக்காவிடமிருந்து எனக்கென்று ஒரு பொருளும் வரவில்லை. அவருடைய கோபம் மட்டும் வந்திருக்கிறது, அதை ஆறவிட எனக்கு மனமில்லை. சிரமதானத்துக்கு நானும் வருவேன். அவரைப் போல வாசலில் போய் யாருக்காகவும் காத்து நிற்கமாட்டேன். அணைக்கு முன்னால், தண்ணீரில் நிற்பேன். கிளையை இழுக்க வருகிறவர்கள் முதலில் என்னை இழுக்கட்டும்.